'தி கிங்ஸ் ஸ்பீச்' பார்த்துவிட்டு ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு

கேள்வி இது: "மேலூர்ப் பக்கம் சொந்த ஊர். மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து பேச்சு திக்கும். ஹாஸ்டலில் 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் போட்டார்கள். ராஜாவுக்கே திக்குவாய் சரியாகிவிட்டது என்றால் எனக்கும் ஆகுமா? அவர் தாழ்வு மனப்பான்மையிலிருந்து வெளியே வந்தது நிஜமா, சினிமாவா? அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கிறது."

தம்பி, திக்கிப் பேசுகிற பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் இதே மதுரையில் பல வருடமாக வேலை செய்கிறவன் நான். முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். ராஜாவுக்குத் திக்குவாய் சரியாகவில்லை. படமும் சரியானதாகக் காட்டவில்லை. கடைசிப் பேச்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 1939 செப்டம்பர் 3, ஜெர்மனியோடு போர் என்று நாட்டுக்கு வானொலியில் அறிவிக்கிறார் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ். எதிரே அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக் நின்று கையசைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். பேசி முடித்ததும் லோக், 'டபிள்யூ' எழுத்தில் இன்னும் திக்கினீர்கள் என்கிறார். அதற்கு ராஜா, அங்கங்கே ஒன்றிரண்டு போட்டால்தானே பேசுவது நான்தான் என்று ஜனங்களுக்குத் தெரியும் என்கிறார்.

அந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படம் தொடங்கும்போது, 1925 வெம்ப்ளி மைதானத்தில், இதே மனிதர் மைக் முன்னால் வாயடைத்து நிற்கிறார். கூட்டம் தலையைக் குனிந்துகொள்கிறது. அன்று அவரை வதைத்த அதே திக்கல் கடைசிப் பேச்சிலும் இருக்கிறது. நிறையக் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஆனால் அதைப் பற்றி இப்போது அவரால் சிரித்துப் பேச முடிகிறது. திக்கல் ஒன்று, தாழ்வு மனப்பான்மை வேறொன்று. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். முதலாவது முழுசாகப் போனால்தான் இரண்டாவது போகும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது. படம் தெரிந்து சொன்னதோ தெரியாமல் சொன்னதோ, எனக்கு அது சொல்வது இதைத்தான். என் அனுபவமும் இதுவே.

நிஜமா சினிமாவா என்று கேட்டீர்கள். இரண்டும் கலந்தது. ராஜாவும் லோக்கும் நிஜம், அவர்களுக்குள் இருந்த நட்பும் நிஜம். லோக் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1880-இல் பிறந்தவர். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர், முதல் உலகப்போரிலிருந்து பேச்சு குலைந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1924-இல் லண்டனுக்குப் போய் ஹார்லி தெருவில் அறை எடுத்தார். அந்த அறைக்கு 1926 அக்டோபரில் அன்றைய யார்க் கோமகன், அதாவது பின்னால் ஆறாம் ஜார்ஜ் ஆன நம் ராஜா, வந்தார். ஒல்லியான, அமைதியான, கண்கள் களைத்துப்போன ஒருவர் மூன்று மணிக்கு உள்ளே வந்தார், ஐந்து மணிக்கு வெளியே போகும்போது நெஞ்சில் நம்பிக்கை திரும்பியிருந்தது என்று லோக் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். களைத்த கண்களை அவர் குறித்து வைத்தது ஒன்றே போதும், ஆள் தன் தொழில் தெரிந்தவர் என்று சொல்ல. திக்குகிறவர்களின் களைப்பு வாயில் தெரியாது, கண்ணில்தான் தெரியும்.

சினிமா எங்கே வளைத்திருக்கிறது? காலத்தில். படத்தில் இருவரும் சந்திப்பது 1930-களின் நடுவில், பிறகு அண்ணன் எட்வர்டு 1936 டிசம்பரில் முடி துறக்கிறார், முடிசூட்டு விழா வருகிறது, போர் வருகிறது, பேச்சு ஜெயிக்கிறது. நிஜத்தில் பயிற்சி 1926-லேயே ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருடம் மே மாதம் கான்பெராவில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்து நன்றாகவே பேசினார். அதற்குள் லோக்கிடம் பல பத்துத் தடவை போய் வந்திருந்தார். இன்னொரு பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் போர்ப் பேச்சு. அப்போதும் லோக் பக்கத்தில் இருந்தார். எழுதிக் கொடுத்த உரையில் எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டுக் குறிப்பதும், ராஜாவுக்கு வராத சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைப்பதும் அவருடைய வேலை. உங்கள் வீட்டில் யாராவது 'எத்தனை சிட்டிங்ல சரியாகும்?' என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் வசதி அத்தனையும் இருந்தவருக்கே இவ்வளவு காலம்.

ராஜாவை 'பெர்ட்டி' என்று வீட்டுச் செல்லப் பெயரில் லோக் உரிமையோடு கூப்பிடுவதெல்லாம் திரைக்கதை. உண்மையில் மிகுந்த மரியாதையோடுதான் நடந்துகொண்டார். கெட்ட வார்த்தைகளை அடுக்கிக் கத்தவிடும் காட்சி எழுத்தாளர் டேவிட் சீட்லரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. சீட்லரும் சிறு வயதில் திக்கியவர். பிரிட்டிஷ் ராஜாவும் உன்னைப் போலத்தான், எப்படிச் சமாளிக்கிறார் கேள் என்று பெற்றோர் வானொலி முன்னால் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். பெரியவராகி இதைக் கதையாக எழுத ராஜாவின் மனைவியிடம் அனுமதி கேட்டபோது, நான் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம், அந்த நினைவு இன்னும் வலிக்கிறது என்று பதில் வந்தது. அந்த அம்மா 2002-இல், 101 வயதில்தான் காலமானார். சீட்லர் அதுவரை காத்திருந்தார். படம் 2010-இல் வந்தது. அடுத்த வருடம் ஆஸ்கர் மேடையில் எழுபதைக் கடந்த வயதில் நின்று, உலகத்தில் திக்கிப் பேசுகிற எல்லோர் சார்பிலும் அந்த விருதை வாங்கிக்கொள்கிறேன் என்றார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கணவர் போய் சுமார் முப்பது வருடம் ஆன பிறகும் ஒரு மகாராணிக்கு அது வலித்திருக்கிறது பாருங்கள். வெளியில் இருப்பவர்கள் 'கொஞ்சம் திக்கும், அவ்வளவுதானே' என்பார்கள்.

படத்தோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இடது கைப் பழக்கத்தை மாற்றியது, முட்டிக்கால் நிமிரக் கட்டை கட்டியது, சாப்பாடு போடாத ஆயா, அதட்டும் அப்பா என்று ராஜாவின் சிறுவயதுக் கொடுமைகளை லோக் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். பார்க்கிறவர்கள், ஓ, இதனால்தான் திக்கல் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்னிடம் வரும் எத்தனையோ அப்பாக்கள் பையனை வெளியே அனுப்பிவிட்டு, 'சின்ன வயசுல அடிச்சுட்டேன் சார், அதனாலயா?' என்று கேட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். அதனால் இல்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பாதைகள் வளர்கிற விதத்தில் இருக்கும் ஒரு வேறுபாடு இது. குடும்ப வழியாக இறங்குவதும் உண்டு. படம் வெளிவந்த அதே 2010-இல், பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை முதல் முறையாகக் கண்டுபிடித்தார்கள். சுமார் இருபதில் ஒரு குழந்தை ஏதோ ஒரு கட்டத்தில் திக்கும், பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் மிச்சம் இருக்கும், அதில் ஆண்களே அதிகம். அடியும் அதட்டலும் திக்கலைக் கொண்டுவருவதில்லை. திக்கலைப் பற்றிய பயத்தையும் வெட்கத்தையும் கொண்டுவருகின்றன. அந்த இளவரசனுக்கு அவர் அப்பா கொடுத்தது அதைத்தான்.

ஹெட்போன் காட்சி உங்களை நிச்சயம் ஆச்சரியப்படுத்தியிருக்கும். காதில் மோட்சார்ட் இசை உரக்க ஓடுகிறது, தன் குரல் தனக்கே கேட்காமல் ஹாம்லெட் வாசிக்கிறார், பதிவு செய்த தட்டை வீட்டில் போட்டுக் கேட்டால் தடங்கலே இல்லை. இது கற்பனை இல்லை. தன் குரலைத் தான் கேட்காதபோது நிறையப் பேருக்குத் திக்கல் குறையும். சேர்ந்து சொன்னாலும், பாடினாலும் குறையும். நீங்களே யோசித்துப் பாருங்கள். பள்ளியில் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லோரோடும் சேர்ந்து ஒரு தடங்கலும் இல்லாமல் பாடியிருப்பீர்கள். பத்து நிமிடம் கழித்து வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' வந்திருக்காது. சார் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டிருப்பார். 'பாட்டு வருது, பேச்சு வரலையாக்கும்' என்று பையனைச் சந்தேகப்படும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் மூளைக்கு வேறு வேறு வேலை. இதை நம்பி ஆப், கருவி என்று காசைக் கொட்டாதீர்கள். அறைக்குள் வேலை செய்வது டீக்கடை வாசலில் பெரும்பாலும் நிற்பதில்லை.

கூழாங்கல் விஷயமும் அப்படித்தான். படத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய டாக்டர் இளவரசர் வாயில் கண்ணாடிக் கோலிகளைத் திணித்துப் பேசச் சொல்கிறார். நம் ஊரில் கூழாங்கல், நாக்கில் வசம்பு. வசம்பு தேய்த்த பாட்டிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்தது. கல்லை மட்டும் வாயில் போடாதீர்கள். தொண்டையில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து.

இந்த ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மதுரை பேச்சுக்குப் பேர்போன ஊர். சங்கப் பலகைக் கதையிலிருந்து பட்டிமன்றம் வரை வாய்ச்சாதுரியத்தைக் கொண்டாடுகிற மண். ஐந்து வயதுவரை பேச்சே வராமல் இருந்து, திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்த குமரகுருபரர், திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றியதும் இங்கேதான். அம்மனே சிறு பெண்ணாக வந்து முத்துமாலையைப் புலவர் கழுத்தில் போட்டாள் என்று சொல்வார்கள். எனக்கு உயிரான கதை அது. பேச்சு தாமதமாகும் பிள்ளைகளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகும் குடும்பங்களை நான் தடுப்பதே கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட ஊரில் திக்குகிற பையன் வளர்வது கடினம் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் எதிர்ப்பேச்சு டக்கென்று வரவேண்டும். வராவிட்டால் 'வாய் செத்த பய' என்று ஒரு வார்த்தை காத்திருக்கும். படத்தில் ராஜா குடும்பத்தோடு உட்கார்ந்து செய்திப் படத்தில் ஹிட்லர் முழங்குவதைப் பார்க்கிறார். என்ன சொல்கிறார் அப்பா என்று மகள் கேட்க, தெரியவில்லை, ஆனால் நன்றாகச் சொல்கிறார் போலிருக்கிறது என்கிறார். உலகத்தை அழிக்கப் போகிறவனுக்குத் தங்குதடை இல்லாத நாக்கு. எதிர்த்து நிற்க வேண்டியவருக்குத் திக்கல். சரளமான நாக்கை வைத்து மனிதரை எடைபோடும் நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் திரையில் பார்த்ததில்லை.

இனி உங்களைப் பற்றி. திக்குகிறவர்கள் எல்லோரும் சொல் மாற்றுவதில் கெட்டிக்காரர்கள். 'ம' அடைக்கும் என்று தெரிந்தால் கண்டக்டரிடம் 'மாட்டுத்தாவணி' என்று சொல்லாமல் 'எம்.ஜி.ஆர். பஸ் ஸ்டாண்ட்' என்பார்கள். 'ப' அடைக்கும் என்றால் பரோட்டா சாப்பிடும் ஆசையோடு போய் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வகுப்பில் விடை தெரிந்தும் 'தெரியல சார்' என்பார்கள். 'வந்து... வந்து...' என்று சொல்லித் தள்ளிக்கொண்டே அடுத்த சொல்லைத் தேடுவார்கள். இதெல்லாம் அந்த நிமிடத்தில் காப்பாற்றும். வருடக்கணக்கில் செய்தால், தான் ஒளிக்க வேண்டிய ஆள் என்ற எண்ணம் எலும்பு வரை இறங்கிவிடும். தாழ்வு மனப்பான்மை வளர்வது திக்கிய இடங்களில் கொஞ்சம், ஒளிந்த இடங்களில் நிறைய. பெயர் மட்டும் மாற்ற முடியாத சொல். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பெயர்தான் மிகவும் அடைக்கும். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான் என்பதால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

படத்தில் எல்லோரும் கடைசிப் பேச்சைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி, அவர் இன்னும் ராஜா ஆகாத நாளில் தன் இரண்டு பெண் குழந்தைகளுக்கு பெங்குவின் கதை சொல்வது. அங்கேயும் திக்குகிறார். ஆனால் கதையை நிறுத்தவில்லை, சொல்லை விழுங்கவில்லை. குழந்தைகள் அப்பா முகத்தையே பார்த்துக் காத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, 'மெதுவாச் சொல்லுங்கப்பா' என்று சொல்லவில்லை. லோக்கின் அறையில் பிறகு கிடைத்ததும் அதே காத்திருப்புதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர், ஹாஸ்டலில் ஒருவர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் உண்டாக்குங்கள். 'நான் திக்கும்போது முடிச்சுக் கொடுக்காதீங்க, என் முகத்தைப் பாத்துக் காத்திருங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மாவும் நண்பனும் உங்கள் சொல்லை முடித்துக்கொடுப்பது பாசத்தால்தான், ஆனால் அது உங்களை வாயில்லாதவராக்கிவிடும்.

ஒரு மாதத்தில் திக்கல் போகாது. போகவைக்கிறேன் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அங்கே காசு கட்டாதீர்கள். ஒரு மாதத்தில் செய்யக்கூடியது இருக்கிறது.

அடைக்கும்போது நீங்கள் இப்போது செய்வது, இன்னும் பலமாகத் தள்ளுவது. கண்ணை இறுக்குவது, தாடையை ஆட்டுவது, காலைத் தட்டுவது எல்லாம் அந்தத் தள்ளலின் பகுதிதான். கிணற்று வாளிக் கயிற்றில் விழுந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும், தளர்த்தினால்தான் அவிழும். உங்கள் உதடும் தொண்டையும் அப்படியே. அடைத்த எழுத்தில் அப்படியே நில்லுங்கள், பின்வாங்க வேண்டாம், வேறு சொல்லுக்குத் தாவ வேண்டாம். எங்கே இறுகியிருக்கிறது என்று கவனியுங்கள். உதடென்றால் உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மூச்சு கசிய விட்டு, அந்த எழுத்தை நீட்டிக்கொண்டே சொல்லுக்குள் நழுவிவிடுங்கள். 'ம்ம்ம்மேலூர்' என்று வரும். வரட்டும். தனியாகக் கண்ணாடி முன் சில நாள், பிறகு நண்பனிடம், பிறகு கடையில். முதல் வாரமே பெரிய இடத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னொன்று கேட்டால் திடுக்கிடுவீர்கள்: வேண்டுமென்றே திக்குங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது வழி கேட்கும்போது, சுலபமாக வரக்கூடிய ஒரு சொல்லில், நீங்களே தீர்மானித்துத் திக்குங்கள். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று அவர் கண்ணைப் பார்த்துக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றுமே செய்யமாட்டார்கள். காத்திருந்து வழி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சிலர் சிரிப்பார்கள். அதையும் தாங்கமுடிகிறது என்று தெரியவரும். சிகிச்சை முறைகளில் வெகுகாலமாக உள்ளது இது. என்னிடம் வருகிறவர்கள் முதலில் மறுப்பதும் இதைத்தான், பிறகு மிகவும் உதவியது என்று சொல்வதும் இதைத்தான்.

இன்டர்வியூ அறையில் உட்கார்ந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன், நீங்களே சொல்லிவிடுங்கள்: "எனக்குத் திக்கிப் பேசும் பழக்கம் உண்டு. சில சொல்லுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். விஷயம் தெரியாததால் இல்லை." ஆங்கிலத்தில் சொல்வதானால் முன்கூட்டி நாலு பேரிடம் சொல்லிப் பழகுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. சொல்லிவிட்டால் ஒளிக்க வேண்டிய பாரம் இறங்கும், அதனாலேயே திக்கல் கொஞ்சம் இளகும். எதிரில் இருப்பவர்களுக்கும் நீங்கள் நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்று புரியும். புராஜெக்ட் பற்றிய பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தால் அடைக்கும் எழுத்து பத்து வரி முன்னாலிருந்தே மிரட்ட ஆரம்பிக்கும்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால், ராஜாஜி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய் ஸ்பீச் தெரபி பற்றி விசாரியுங்கள். வெளியில் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். லோக் தொழில் தொடங்கிய காலத்தில் இதற்கு முறையான படிப்போ பதிவோ கிடையாது, இன்று இரண்டும் உண்டு. திக்குகிறவர்களே சேர்ந்து நடத்தும் தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்ற அமைப்பும் இருக்கிறது. தன்னைப் போலவே திக்கும் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது, என்னைப் போன்றவர்கள் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கும்.

இன்டர்வியூ தேதி உறுதியானதும் எழுதுங்கள். அதற்கு முந்தைய வாரம் எந்த எழுத்து அதிகம் அடைக்கிறது, எந்த ஆள் முன்னால் அடைக்கிறது என்று ஒரு நோட்டில் தினமும் குறித்து வைத்திருங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்து என்ன பழகுவது என்று சொல்ல முடியும்.